பாம்பன் முதல் தொண்டி வரை: வருமான வரி ரிட்டர்ன் பற்றி எங்கள் கரையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மண்டபத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அப்பா பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருந்தவர். ரிட்டர்ன் போடும் காலம் வந்தால் அலுவலகத்துக்கு வருகிறவர்களைவிட எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கும், ஆளும் ஊரில் இருப்பார்கள். அப்போதே வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். வலை பொத்த, என்ஜின் பார்க்க, கல்யாணம், கோயில் கொடை என்று அந்த 61 நாளும் போய்விடும். கடல் திறந்து, ஜூலை கடைசி வந்த பிறகுதான் செருப்புச் சத்தம் கேட்கும்.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் 2024-25, 2025-26 ஆகிய இரண்டு நிதியாண்டுகளின் வருமானத்தை மனத்தில் வைத்துச் சொன்னவை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் எண்களைத் தவிர்த்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மீன் பிடிக்கிறதும் விவசாயம் மாதிரிதானே? அதுக்கு வரி கிடையாதுன்னு சொல்றாங்களே?

தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை எல்லா ஊரிலும் இதைக் கேட்டுவிட்டார்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது, உண்மை. ஆனால் சட்டம் விவசாயம் என்று சொல்வது நிலத்திலிருந்து வருவதை. கடலில் பிடித்த மீன் நிலத்தில் விளைந்தது அல்ல, ஆகவே அது தொழில் வருமானம். இறால் பண்ணையும் அப்படித்தான்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளக்காரர்களுக்கு இதில் வருத்தம் அதிகம். பாத்தி கட்டுகிறோம், தண்ணீர் பாய்ச்சுகிறோம், வாருகிறோம், பிறகு ஏன் விவசாயம் இல்லை என்று கேட்பார்கள். கடல்நீரைத் தேக்கி எடுக்கிற உப்பு விவசாய வருமானம் ஆகாது என்பது பழைய தீர்ப்பு. அது மாறவில்லை.

அதே வீட்டில் முண்டு மிளகாய் போட்டிருந்தால் அந்தப் பணம் விவசாய வருமானம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த நம்மூர் மிளகாய்க்கு வரி இல்லை, அதைப் போட்டுச் சமைக்கிற கடல் நண்டுக்கு உண்டு. ஒன்று கவனியுங்கள்: விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ஆகிய எளிய படிவங்களைப் பயன்படுத்த முடியாது. மிளகாய்ப் பணத்தை வரியில்லாத பணம்தானே என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எழுத வேண்டும்.

பேங்க் பாஸ்புக்கைப் பார்த்தா கோடீஸ்வரன், வீட்டுல அரிசி கடன். நான் எதை வருமானம்னு காட்டுறது?

விசைப்படகுக்காரர்கள் எல்லோருடைய கேள்வியும் இதுதான். மனம் நொந்து கேட்கிறார்கள், நொந்துபோவதில் நியாயமும் உண்டு.

ஏலக்காசு முழுவதும் படகு உரிமையாளர் கணக்கில் விழுகிறது. அதிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், கூலி எல்லாம் கழித்து மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறோம். பங்கு முறை படகுக்குப் படகு மாறும். உரிமையாளர் கையில் நிற்பது என்ன என்பது உரிமையாளருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும்தான் தெரியும். கணினிக்குத் தெரிவது கணக்கில் விழுந்த தொகை மட்டும். சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவிக்கிறது. அது உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில், அதாவது ஏஐஎஸ்-ல், வந்து உட்கார்ந்துகொள்ளும். “இவ்வளவு பணம் வந்திருக்கிறதே, ரிட்டர்ன் எங்கே?” என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

போன வருஷம் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அண்ணன் பிளாஸ்டிக் பையில் சுற்றிய 80 பக்க நோட்டைக் கொண்டுவந்தார். டீசல் கறை பட்ட பக்கங்கள், நடுவில் ஒட்டிக் காய்ந்த செதில் ஒன்று. பென்சிலில் தேதி, டீசல், ஐஸ், ஆளுக்கு எவ்வளவு, யார் முன்பணம் வாங்கினார்கள் என்று ஒவ்வொரு தங்கலுக்கும், அதாவது கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறைக்கும், ஒரு வரி எழுதியிருந்தார். “இதெல்லாம் செல்லாது இல்லக்கா?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். எனக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றன்றைக்கு எழுதிய நோட்டைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? டீசல் பில்லோடும் வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் கணக்குப் புத்தகம்.

நோட்டு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. வருஷ விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் உத்தேச வருமானம் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் வரம்பு 3 கோடி. வங்கி வழியாக வந்த பணத்தில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வருஷ ஏலம் 90 லட்சம், எல்லாம் வங்கி வழி என்று வையுங்கள், வருமானம் 5,40,000 ரூபாய். புதிய வரி முறையில் இதற்கு வரி வராது. செலவுக்குப் பில் காட்ட வேண்டியதில்லை, படிவம் ஐடிஆர்-4.

6 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதற்கு மேல் இருந்தால் அந்த மேலான தொகையைத்தான் எழுத வேண்டும். இதில் நுழைந்துவிட்டு 5 வருஷத்துக்குள் வெளியே வந்தால் அடுத்த 5 வருஷம் திரும்ப நுழைய முடியாது. படகை இழந்தவர், வருஷம் முழுக்க நட்டம் பட்டவர் இதை யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் நட்டம் காட்ட இடமில்லை. முறையாகக் கணக்கு வைத்தால் மர உடல் கொண்ட மீன்பிடிப் படகுக்கு வருஷம் 20 சதவீதம் தேய்மானம் கிடைக்கும், நட்டத்தை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகவும் முடியும்.

நான் மீன் வியாபாரி. கரையில ரொக்கம் கொடுத்தாத்தான் சரக்கு. 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா செலவா ஏத்துக்க மாட்டாங்களாமே?

இந்தக் கேள்வி வந்தால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். நம் கரையைச் சட்டம் பார்த்துப் புரிந்துகொண்ட இடம் இது ஒன்றுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பொது விதி அதுதான். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. ஆனால் மீனும் மீன் பொருளும் உற்பத்தி செய்தவரிடமே வாங்கினால் விலக்கு உண்டு. “மீன் என்றால் இறால், கணவாய், நண்டு எல்லாம் சேருமா? உற்பத்தி செய்தவர் என்றால் கடலுக்குப் போனவர் மட்டுமா?” என்று பிறகு வழக்கு மேல் வழக்கு வந்தது. 2008 டிசம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது, அந்த வருஷத்தின் 10-வது சுற்றறிக்கை. இறால், கணவாய், ஊசிக் கணவாய், நண்டு, சிங்கி எல்லாம் சேரும் என்றது. மீனவர்கள் கொண்டுவந்ததைக் கடற்கரையிலேயே தரம் பிரித்து வியாபாரிக்கும் ஏற்றுமதியாளருக்கும் விற்கிற மீனவர் தலைவரும் உற்பத்தியாளர்தான் என்றது. விடியற்காலையில் கூடையைக் கவிழ்த்து, பெரிசு சிறிசு பிரித்துக் குரல் கொடுக்கிற நம் சம்மாட்டியை டெல்லியில் யாரோ ஒருவர் எழுத்தில் பதிந்துவைத்திருக்கிறார்.

ஆனால் அவரிடம் வாங்கிய இன்னொரு வியாபாரியிடமோ தரகரிடமோ நீங்கள் வாங்கினால் இந்த விலக்கு இல்லை, வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கரையில் வாங்கும்போதே ஒரு துண்டுச்சீட்டில் தேதி, சரக்கு, எடை, தொகை, விற்றவர் பெயர், அவர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துக் கேட்டால் வாய்வார்த்தை நிற்காது.

ஏலத் தரகு வாங்குறவங்களும் அந்த 6 சதவீதத்துல போகலாமா?

முடியாது. தரகு, கமிஷன் வருமானத்துக்கு உத்தேச முறை கிடையாது. கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு டிவியில சொல்லிட்டாங்க. பெறகு எதுக்கு நான் அலையணும்?

2025 ஏப்ரலுக்குப் பிறகு ஈட்டிய வருமானத்துக்கு, புதிய முறையில், அது சரி. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவும் சேரும். ஆனால் வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும். போட்டால்தான், 12 லட்சம் வரைக்கும் வரியை நீக்குகிற அந்த 60,000 ரூபாய் வரைக்குமான தள்ளுபடி உங்கள் வரியைப் பூஜ்யமாக்கும்.

அந்தத் தள்ளுபடி, இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த ராமேஸ்வரத்து மனையை விற்ற லாபத்துக்குப் பொருந்தாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அது கிடையவே கிடையாது.

வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தும் போட வேண்டியவர்கள் உண்டு. தொழில் வரவு 60 லட்சத்தைத் தாண்டியவர், சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு 50 லட்சமோ அதற்கு மேலோ கட்டியவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், வருஷ மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியவர் எல்லோரும் இதில் அடக்கம். ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர்கள் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆதார்ல ஒரு பேரு, பான் கார்டுல ஒரு பேரு. எம்பேரு எது?

நம் ஊரில் அப்பா பேரின் முதலெழுத்து நமக்கு இனிஷியல். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பான் விண்ணப்பமோ கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகரவிடாது, அதில் ஒற்றை எழுத்தையும் ஏற்காது. அதனால் இனிஷியலை விரித்து அப்பா பேரை அங்கே எழுதுகிறார்கள். சூ. ஆரோக்கியம் என்று ஆதாரில் இருப்பவர் பான் கார்டில் ஆரோக்கியம் சூசை ஆகிவிடுகிறார். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து அந்தக் கடைசிப் பெயரின் முதலெழுத்து. ஆக, இறந்துபோன அப்பா அந்த எண்ணுக்குள் ஓர் எழுத்தாக இருக்கிறார். ஒரு பெரியவருக்கு இதை விளக்கினேன். “அப்ப எங்கய்யாதான் வரி கட்டுறாரா?” என்று கேட்டார். திண்ணையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் கார்டை வாங்கி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கஷ்டம் பெரியது. பேர் ஒத்துப்போகாவிட்டால் ஆதாரும் பானும் இணையாது. இணைக்கக் கடைசி நாள் 2023 ஜூன் 30, அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே கட்டணம் 1,000 ரூபாய். இணையாத பான் செயலிழந்து போகும். வங்கி அதிக விகிதத்தில் வரி பிடிக்கும், ரீஃபண்டும் வராது.

எங்கள் அப்பாவுக்கே இது நடந்தது. படகை விற்ற பணத்தை ஒரு வங்கியில் வைப்பு வைத்திருந்தார். வட்டிக்கு 20 சதவீதம் பிடித்துவிட்டார்கள். பேரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். எங்கே போனாலும் வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். ஊருக்கே ரிட்டர்ன் போடுகிற நான், சொந்த அப்பாவின் பணத்துக்கு எட்டு மாதம் அலைந்தேன். முதலில் ஆதாரை எந்தப் பேரில் வைப்பது என்று முடிவு செய்து, பள்ளிச் சான்றிதழை வைத்து அதைத் திருத்தி, பிறகு பானை அதற்கு ஒப்பத் திருத்தினோம். அதற்குப் பிறகுதான் நகர்ந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் திருத்தப் போகாதீர்கள். பேர் ஒத்தும் இணையாவிட்டால் பான் சேவை மையத்தில் கைரேகை வைத்து இணைக்கலாம். 80 வயது கடந்தவர்களுக்கு இந்த இணைப்பு கட்டாயம் இல்லை.

அவுக கடலுக்குப் போயிட்டாக. ஓடிபி அவுக போனுக்கு வருமாம். என்ன செய்ய மதினி?

ஆதார் ஓடிபி 15 நிமிஷம்தான் செல்லும். பாம்பனிலிருந்து போன படகு அதற்குள் திரும்பாது. ஒரு மதினி கையில் எல்லாத் தாளும் இருந்தன, போன் அண்ணனோடு கடலில். மூன்று முறை ஓடிபி அனுப்பினோம். மறுநாள் காலை கரைக்கு வந்த அண்ணன், மூன்றையும் ஒரு தாளில் அழகாக எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

பதற வேண்டாம். ரிட்டர்னை அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிபார்த்தால் போதும். அண்ணன் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து உட்காருங்கள். போன் எண் ஆதாரில் இல்லாதவர், அச்செடுத்த ஒப்புகைத் தாளில் நீல மையில் கையெழுத்திட்டு பெங்களூருவுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். அதற்கும் அதே 30 நாள். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன்தான். ரீஃபண்ட் வரவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு விஷயம் இங்கேதான் நின்றுபோயிருக்கும்.

ராத்திரி வருமான வரியிலேர்ந்து மெயில் வந்திருக்கு. பிடிச்சுட்டுப் போவாங்களா?

மாட்டார்கள். ரிட்டர்ன் போட்ட எல்லோருக்கும் வருகிற தகவல் தாள் அது. பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் திறக்கும். உள்ளே இரண்டு பத்தி இருக்கும்: நீங்கள் சொன்னது, அவர்கள் கணக்கிட்டது. இரண்டும் ஒன்றாக இருந்து கடைசி வரியில் பூஜ்யம் நின்றால் வேலை முடிந்தது. திருப்பாலைக்குடியில் ஒரு வீட்டில் இதைத் திறக்கத் தெரியாமல் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. திறந்து பார்த்தால் 1,140 ரூபாய் ரீஃபண்ட்.

உண்மையான கடிதம் எதுவானாலும் அதில் ஆவண அடையாள எண் இருக்கும், 2019 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ரீஃபண்டுக்கு லிங்க்கைத் தொடச் சொல்கிற குறுஞ்செய்தியை உடனே அழித்துவிடுங்கள்.

காக்கா துபாயில இருக்காங்க. அனுப்புற பணத்துக்கு நாங்க வரி கட்டணுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி லாத்தாமார், அதாவது அக்காமார், கேட்பது. காக்கா என்றால் அண்ணன். கணவரோ மகனோ அனுப்பும் குடும்பப் பணம் உங்கள் வருமானம் அல்ல. அவர் வெளிநாட்டுவாசி என்றால் அங்கே ஈட்டிய சம்பளத்துக்கும் இங்கே வரி இல்லை. ஒரு நிதியாண்டில் இந்தியாவில் தங்கியது 182 நாளுக்குள் இருக்க வேண்டும். இங்குள்ள வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவருக்கு அந்த எண்ணிக்கை 120. பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு கல்யாணம், ஒரு மவுத்து (சாவு) என்று லீவு நீண்ட வருஷத்தில் கணக்கு மாறிவிடும்.

கணவர் அனுப்பிய பணத்தை உங்கள் பேரில் வைப்பு வைத்தால் அந்த வட்டி அவர் வருமானத்தோடு சேரும். உம்மா (அம்மா) பேரில் வைத்தால் உம்மாவின் வருமானம். வெளிநாட்டுவாசி அங்கே ஈட்டியதைப் போட்டு வைக்கிற என்ஆர்இ கணக்கு வட்டிக்கு வரி இல்லை. அவருடைய இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கு வட்டியில் 31.2 சதவீதம் பிடிப்பார்கள். வருமானம் குறைவு என்றால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகைக்காரரும் வரி பிடித்துக் கட்ட வேண்டும், இது இரு பக்கமும் பலருக்குத் தெரிவதில்லை.

ஊரோடு திரும்பி வந்தவர்கள் அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கை மறைக்காதீர்கள். முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்குத் தொடக்கத்தில் சலுகை உண்டு. அதற்குப் பிறகு ரிட்டர்னில் அந்தக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும்.

ஒருத்தர் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்னு சொல்றார். பாதி அவருக்காம்.

கொடுக்காதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆசிரியர், நர்ஸ், அரசு ஊழியர் என்று மாதச் சம்பளக்காரர்களைப் பிடித்து, கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, இல்லாத கல்விக்கடன் எல்லாம் எழுதி ரீஃபண்ட் வாங்குகிறார்கள். 2025 ஜூலையில் துறை பல மாநிலங்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. பொய்த் தகவலுக்கு அபராதம் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு. பணத்தைப் பங்கு வாங்கியவர் போனை அணைத்துவிடுவார். நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும். ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அவர்கள் கேட்பதற்கு முன்பே திருத்திய ரிட்டர்ன் போடுங்கள்.

தேதி தவறிப்போச்சு. இனி முடியாதா?

முடியும். 2025-ல் ஜூலை 31 என்றிருந்ததை செப்டம்பர் 15-க்குத் தள்ளி, பிறகு இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். அதையும் தவறவிட்டவர்களுக்கு டிசம்பர் 31 வரை வழி இருந்தது. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ஆனால் தாமதித்தவர் தொழில் நட்டத்தை முன்னெடுத்துச் செல்ல முடியாது. இயற்கையும் எல்லையும் படகைப் பறித்த வருஷத்தில் இதுதான் பெரிய அடி.

படகுல வேலைக்குப் போற பையனுக்கு வரி ஒண்ணும் வராது. அவனும் போடணுமா?

கட்டாயம் இல்லை. ஆனாலும் போடச் சொல்வேன். வங்கியில் கடன் கேட்டாலும், வெளிநாட்டு வேலைக்கு விசா கேட்டாலும், விபத்தில் இழப்பீடு கேட்டாலும் “உன் வருமானம் என்ன?” என்று கேட்பார்கள். கையில் காட்ட ஒரு தாளும் இல்லாமல் நம் பையன்கள் நிற்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வரும்போது என்னென்ன கொண்டுவரணும்?

பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கடன் இருந்தால் அதன் தாள், சம்பளம் என்றால் வேலை கொடுப்பவர் தரும் ஃபார்ம் 16. துறையின் இணையதளத்தில் உங்கள் சொந்த போன் எண்தான் பதிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுவோம், ஏனென்றால் உங்களுக்கு வர வேண்டிய எல்லாத் தகவலும் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு அந்தத் தங்கல் நோட்டு. நனைந்திருந்தாலும் பரவாயில்லை, வெயிலில் காயவைத்து எடுத்துவாருங்கள்.